கண் வைக்காத மீன் ரொட்டி

1975 மே 4, ஞாயிறு

கத்தரி தொடக்கம். ஜன்னல் கம்பி காலை எட்டு மணிக்கே சுடுகிறது என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் கத்தல். என் வலது சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் வெயில், மழை எல்லாம் ஒன்றுதான்.

இன்றைய வேலை: இரண்டு புடவைக்குக் கஞ்சி. மாத்திரை வாங்க. யூனியன் ஆபீஸ் கடிதத்தை மறுபடி படிக்க (நான்காம் தடவை).

கடிதத்தின் சாரம்: மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். அங்குள்ள ஆரம்பப் பள்ளியில் டீச்சர் இடம் காலி. ஆறு வருஷத்துக்கு முன் நோய் என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்ட வேதவல்லி ஆகிய எனக்கு, குணமான சர்டிபிகேட் இருப்பதால், அந்த இடத்தைத் தரலாம். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்திடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஜூன் 2 பள்ளி திறப்பு. அதற்குள் வராவிட்டால் வேறு ஆள்.

இதுவும் போனால் சாகும்வரை இந்த ஆஸ்பத்திரி வார்டுதான் எனக்கு விலாசம். வீட்டுக்காரர் நான் இங்கே வந்த இரண்டாம் வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். நன்றாக இருந்து தொலையட்டும்.

சாயங்காலம் மிஸ் பாக்குடன் செங்கல்பட்டு டவுன். பாக் கொரியா தேசத்து நர்ஸ். தொழுநோய் வைத்தியம் படிக்க மூன்று மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். நான் இங்கிலீஷ் தெரிந்த நோயாளி என்று டாக்டர் துணைக்குப் போட்டார். அவளுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும். அதனால் சண்டையில்லாமல் ஓடுகிறது. மெஸ் சாப்பாட்டைத் தொடுவதில்லை. தெருவில் விற்பதெல்லாம் வேண்டும்.

ஸ்டேஷன் ரோட்டில் பாய் பேக்கரி. நான் எதிர்ப்புறம் மரத்தடியில் நின்றுகொண்டேன். வார்டு ஆட்கள் கடைக்குள் போவதில்லை. வெளியே நின்றால் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். அதுவே மரியாதை என்று நாங்களும் இருந்துவிட்டோம். உள்ளே போன பாக் திரும்பி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாய் என் கையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு தட்டு வைத்தார். பீங்கான் தட்டு. பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். அழுகை வந்தது, தேங்காய்த் துருவல் புரையேறியதாகச் சொல்லிவிட்டேன்.

பாக் தின்றவை:
தேங்காய் பன். கண்ணை மூடிக்கொண்டு.
வர்க்கி. பாதி வாயில், பாதி கவுனில்.
ரஸ்க். 'இது நோயாளி ரொட்டி' என்று ஒதுக்கினாள்.
மசால் வடை மூன்று.
மிளகாய் பஜ்ஜி நாலு. காரமே இல்லை என்றாள்.

பஜ்ஜிக் கடைக்காரருக்கு ரோஷம். "இன்னாம்மா, சீனாக்காரியா அது? காரம் பத்தலயாமா?"

"கொரியா."

"அது எங்க கீது?"

"சீனாவுக்குப் பக்கத்து வீடு."

கை பார்த்தேன். புண் இல்லை. (தினம் ராத்திரி படுக்குமுன் பார்க்க வேண்டும், டாக்டர் உத்தரவு. வலிக்காத கைக்குக் கண்தான் காவல்.)

மே 6, செவ்வாய்

புழுக்கம். காற்று இல்லை.

மெஸ்ஸுக்குப் பின்னால் விறகடுப்பில் பாக்கின் ஊர்ப் பலகாரம். பெயர் ஹொத்தொக். பாயிடம் புட்டியில் ஈஸ்ட் வாங்கி வந்திருந்தாள். மைதா பிசைந்து பொங்கவிட்டு, உள்ளே கருப்பட்டித் தூளும் வேர்க்கடலையும் வைத்து மூடி, கல்லில் போட்டுப் பித்தளை டம்ளரின் அடியால் அமுக்கினாள். உள்ளே கருப்பட்டி பாகாகிவிடுகிறது. அவசரப்பட்டால் நாக்கு போச்சு. என் நாக்கு போச்சு.

"இது எங்கள் போளி" என்றேன். முறைத்தாள். மெஸ் சமையல்காரர் ஒன்று தின்றுவிட்டு, "போளிக்குத் தொப்பை வெச்சா மாரி கீது" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவளுக்கு இன்னொன்று வேண்டுமாம். மீன் ரொட்டி. அவள் ஊரில் குளிர்காலத்தில் தெருமுனையில் இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவே சிவப்புப் பயறுப் பூரணம் வைத்து, அச்சை மூடி நெருப்பில் திருப்பிப் போடுவார்கள். மீன் உருவத்தில் வரும். மீனே கிடையாது, இனிப்பு. "இங்கே குளிர்காலம் எப்போது?" என்று கேட்டாள். "மார்கழியில் காலை நாலு மணிக்கு" என்றேன். குறித்துக்கொண்டாள்.

இரும்பு அச்சுக்கு எங்கே போவது? மாக்கல்லில் வெட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. கல்சட்டி நெருப்பைத் தாங்குகிறது, அச்சு தாங்காதா? மாமல்லபுரம் போனால் கல் வேலையும் ஆகும், குப்பத்தையும் பார்க்கலாம். ஒரு பஸ்ஸில் இரண்டு காரியம்.

கை: சரி.

மே 11, ஞாயிறு

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். கூட்டம். பாக்கைப் பார்க்க ஒரு கிழவர் தலையையே திருப்பிக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டார்.

சிற்பி ஏகாம்பரம். கடைத்தெருவில் கீற்றுக் கொட்டகை, தலை முழுக்கக் கல் தூள். பாக் காகிதத்தில் மீன் வரைந்து கொடுத்தாள். 'மாக்கல்லில் இரண்டு பலகை, ஒவ்வொன்றிலும் மீன், பிடிக்க மரக்கைப்பிடி' என்று நான் சொன்னேன். "இவ்ளோதானா? அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

அங்கிருந்து மணலில் நடந்து குப்பம். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம், கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகக் கரும்பலகை பார்த்தேன். நல்ல பலகை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

குப்பத்து முகப்பில் மீன் வறுத்து விற்கிறவள் அஞ்சலை. பஞ்சாயத்துப் பெரியவரின் மகளாம். பாக் நெத்திலி இரண்டு தட்டு தின்றாள், காரப்பொடி மீன் ஒரு தட்டு. பிறகு கூடையில் கிடந்த கணவாயைக் காட்டி, அதைத் தணலில் வாட்டித் தரச் சொன்னாள். அவள் ஊரில் அது தெருப் பண்டமாம்.

"அத்த நாங்க தூண்டில்ல மாட்டுவோம்மா! மனுசன் துன்றதா?" அஞ்சலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாட்டினாள். பாக் கிழித்துக் கிழித்துத் தின்றாள். அஞ்சலை ஒரு துண்டு வாயில் போட்டு, துப்பப் போனவள் துப்பவில்லை. "பரவால்லியே" என்று இன்னொரு துண்டு எடுத்தாள்.

டீச்சர் வேலை விஷயம் சொன்னேன். சந்தோஷம் அவளுக்கு. மகள் வள்ளிக்கு அஞ்சு வயசு, இந்த ஜூனில் ஒண்ணாங் கிளாஸ். "ரெண்டு வருசமா டீச்சரே தங்கறது இல்ல. மணலு சுடுதாம், மீன் நாறுதாம். நீ வா டீச்சர், எங்கப்பன்கிட்ட நான் சொல்றேன்." பிறகு என் கையைப் பார்த்தாள். "கையிக்கு இன்னா ஆச்சி?"

"வெந்நீர் கொட்டிவிட்டது."

வாய் முந்திக்கொண்டது. பஸ்ஸில் வரும்போது நிஜத்தைச் சொல்வதாகத்தான் வாக்கியம் கட்டிவைத்திருந்தேன். சர்டிபிகேட்கூடப் பையில்தான் இருந்தது. ஐயோ என்று ஒரு குரல், பாவம் டீச்சர் என்று ஒரு தடவல், அவ்வளவில் முடிந்தது. திரும்பும் வழியில் பாக் என்ன பேச்சு என்று கேட்டாள். சொன்னேன். "ஆனால் அது வெந்நீர் இல்லையே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கை: சரி. மனசு: கேட்காதே.

மே 14, புதன்

காராமணி ஊறவைத்து வேகவைத்து, வெல்லம் சேர்த்துக் கிளறிப் பார்த்தோம். கொழுக்கட்டைப் பூரணம் மாதிரிதான். ஏலக்காய் போடாதே என்று பாக் தடுத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் போட்டேன். தின்றுவிட்டு, இதுதான் எங்கள் ஊர் ருசி என்றாள்!

புடவைக் கஞ்சி அதிகமாகிவிட்டது. நடந்தால் சத்தம்.

மே 18, ஞாயிறு

ஏகாம்பரம் துணியை விலக்கிக் காட்டினார். பிரமாதமான மீன். செதில் ஒவ்வொன்றும் எண்ணலாம். கோயில் தூணில் இருக்க வேண்டியது. ஆனால் கல்லிலிருந்து மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது! மாவை எங்கே ஊற்றுவது?

பாக் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவருக்குக் கோபம். "பள்ளமா வேணும்னு சொன்னியாம்மா? மீனுன்னு சொன்ன. மீனு வெட்டுனேன். புடைப்பா வெட்டித்தான் பழக்கம், குழி வெட்ட நான் இன்னா கெணறு தோண்டறவனா?" நியாயம். நான்தான் சொல்லவில்லை. பாக் அந்த மீனையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள். மனிதர் கொஞ்சம் குளிர்ந்தார். புதன்கிழமைக்குள் பள்ளமாக வெட்டிப் பஸ்ஸில் அனுப்புகிறேன் என்றார்.

பாக் ஒரு குறை கண்டுபிடித்தாள். மீனுக்குக் கண் இல்லை. கேட்டேன்.

"கண்ணு வெக்க மாட்டேன். கண்ணு தொறக்கணும்னா நாள் பாக்கணும், பூஜை போடணும். தொறந்தா அதுக்கு உசுரு. அப்புறம் அதைப் புட்டுத் துன்னுவீங்களா?"

இதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கக் குப்பத்துக்கு நடக்கும் வழியில் பாதி ஆயிற்று. பாக் யோசித்துவிட்டு, கண் வேண்டாம் என்றாள்.

குப்பத்தில் அஞ்சலை நல்ல செய்தி சொன்னாள். அப்பாவிடம் பேசிவிட்டாளாம். வருகிற ஞாயிறு பெரியவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், எல்லாரையும் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். 'அன்னிக்கு அந்த மீன் ரொட்டியக் கொண்டாங்க, பாக்கலாம்' என்றாள். கொண்டுவருகிறோம் என்றேன். வெந்நீர்ப் பேச்சை நானும் திருத்தவில்லை. கையெழுத்து ஆகட்டும், பிறகு சொல்லலாம். அப்படித்தான் நினைத்தேன், பிசகு என்று தெரிந்தே.

மே 22, வியாழன்

அச்சு நேற்று வந்துவிட்டது. இந்தத் தடவை பள்ளம். புதுக் கல்லை நேரே அடுப்பில் வைத்தால் வெடிக்கும், பழக்க வேண்டும். விளக்கெண்ணெய், மஞ்சள், வெயில். பிறகு கொதிக்கும் கஞ்சித் தண்ணீர். ஐந்து நாள் வேலை. மூன்று நாளில் முடிக்கப் பார்க்கிறேன்.

கை: சரி.

மே 25, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

கடற்கரையில் மூன்று கல் கூட்டித் தணல். பாக் மாவு ஊற்ற, நான் பூரணம் வைத்து மூடி, கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப. முப்பது பேர் சுற்றி நின்றார்கள். முதல் மீன் ஒட்டிக்கொண்டது, வால் போச்சு. இரண்டாவது முழுசாக வந்தது. உடனே தகராறு.

"வவ்வாலு மீனுடா."

"வவ்வாலுக்கு ஏதுடா இம்மாம் நீட்டு? சங்கரா."

"எதுவும் இல்ல. இப்டி ஒரு மீனு நம்ம கடல்லயே கெடையாது. செதில் எல்லாம் தப்பு."

பஞ்சாயத்துப் பெரியவர் ஒன்றை வாங்கி, முள் இருக்குமோ என்று விரலால் நடுவில் பிட்டுப் பார்த்தார். பழக்கதோஷம். பூரணத்தைப் பார்த்துச் சிரித்தார். வள்ளி இரண்டு தின்றாள். நான் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்ததை எல்லாரும் எடுத்துத் தின்றார்கள். நாற்பது மீனுக்கு மேல் ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பேசிக்கொண்டே திருப்பினேன்.

"டீச்சர்! கையி!" அஞ்சலை கத்தினாள். "கையி வேகுது!"

குனிந்து பார்த்தேன். மடங்கிய சுண்டுவிரல் கைப்பிடியைத் தாண்டிக் கல்லின் மேல் கிடந்தது. தோல் வெந்து ஒட்டியிருந்தது. வாடை எனக்கு அப்போதுதான் வந்தது. கையை எடுத்தேன். கத்தியிருக்க வேண்டும். ஒரு பொய்க் கத்தலாவது கத்தியிருக்கலாம். கத்தவில்லை, 'ஓகோ' என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது பேரும் அதைப் பார்த்தார்கள்.

வெந்நீர் பட்ட கைக்கு நெருப்புத் தெரியாதா? யாரும் கேட்கவில்லை. ஒருத்தி கையிலிருந்த பாதி ரொட்டியை மெதுவாக மணலில் வைத்தாள். அஞ்சலை வள்ளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். கையெழுத்துக் காகிதம் பையிலேயே.

மே 26, திங்கள்

பாக் கட்டு மாற்றினாள். ஆழமான புண், மூன்று வாரம் ஆகுமாம். ஒரு வார்த்தை திட்டவில்லை. நானே திட்டிக்கொண்டேன். டீச்சராம் டீச்சர்.

மே 28, புதன்

பாக் போய்விட்டாள். பயிற்சி முடிந்தது. பாய் பேக்கரியில் கடைசியாக இரண்டு தேங்காய் பன், இரண்டு பீங்கான் தட்டு. புடைப்பு மீனைச் சேலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அச்சு எனக்கு. ஸ்டேஷனில், "அவர்களிடம் போ, சொல்" என்றாள். எங்கே போவது, எந்த முகத்தோடு? கை ஆட்டினேன். ரயில் போன பிறகுதான் அழுதேன். அருமையான பெண். இனி யார் என்னை மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார்கள்.

மே 31, சனி

வாட்ச்மேன் வந்து, யாரோ மீன்காரம்மா என்றான். கேட்டில் அஞ்சலை. கூடையோடு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். உள்ளே வா என்றேன். வந்தாள். வார்டு வராந்தாவில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என்னைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள்.

"பெருவியாதியா டீச்சர்?"

"ஆமாம். குணமாகி ஒரு வருஷம் ஆச்சு."

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? ஊரே பேசிகினு கீது. வியாதிய பத்தி நாலு பேரு பேசறான். பொய்ய பத்தி நாப்பது பேரு பேசறான். எங்கப்பன் மூஞ்ச நான் எப்டிப் பாக்கறது? நான் போயி சொல்லி வெச்சவ!"

"சொன்னால் வேலை தரமாட்டீர்கள் என்று பயம்."

"குடுத்திருக்க மாட்டோம், குடுத்திருப்போம். அது எங்க பேஜாரு. நீ ஏன் அத்த மின்னாடியே முடிவு பண்ண?"

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதே கோபத்தோடு சொன்னாள்: "நாளைக்கி எல்லாரும் கூடுறாங்க. நீயே வந்து உன் வாயால சொல்லு. எனக்காகச் சொல்ல வேணாம், நான் ஒண்ணும் பேச மாட்டேன்." போகும்போது கூடையிலிருந்து கணவாய் இரண்டு எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 1, ஞாயிறு

கடல் காற்று பலம். மணல் பறந்து கண்ணில்.

வலைக் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்து, பெண்கள் ஓரமாக நின்று. நான் நடுவில். கட்டுப் போட்ட கையை முன்னால் நீட்டினேன்.

"எனக்கு வந்தது பெருவியாதி. வெந்நீர் இல்லை. பொய் சொன்னேன், தப்பு. கிருமி செத்துவிட்டது, ஆறு தடவை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். விரல் மரத்துப்போனது மட்டும் மிச்சம். இது யாருக்கும் ஒட்டாது." சர்டிபிகேட்டை எடுத்துப் பெரியவர் முன்னால் வைத்தேன். குனிந்தபோது கஞ்சிப் புடவை சத்தம் போட்டது.

ஒருவர்: "மதியம் சோறு இவங்கதான போடணும்? புள்ளைங்க துன்னுமா?"

ஓரத்திலிருந்து ஒருத்தி: "போன வாரம் மீனு ரொட்டி நீதான் அஞ்சு துன்ன. இன்னா ஆச்சி உனக்கு?"

"எதுவும் ஆவல."

"வவுறு?"

"வலிக்கல."

சிரிப்பு. ஆனால் முடிவு சிரிப்பில் வரவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். அஞ்சலை சொன்னபடியே வாய் திறக்கவில்லை. கடைசியில் பெரியவர் இரண்டு நிபந்தனை வைத்தார். சோறு ஆயா போட வேண்டும். பிள்ளைகளை நான் தொடக் கூடாது. "சம்மதம்னா கையெழுத்துப் போடறேன், டீச்சர்."

தொடாமல் எப்படி ஒண்ணாங் கிளாஸ் நடத்துவது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். சம்மதம் என்றேன். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்து, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம். சந்தோஷம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

ஜூன் 2, திங்கள்

முதல் பஸ். யூனியன் ஆபீஸில் காகிதம் கொடுத்து உத்தரவு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகப் பத்தரை. வருகைப் பதிவேட்டில் இருபத்தாறு பெயர். வந்தது பதினொன்று. ஒண்ணாங் கிளாஸுக்குப் புதுசு நாலு, அதில் வள்ளி ஒன்று. அம்மாக்கள் பின்னால் நின்றார்கள்.

புதுப் பிள்ளைகளுக்குத் தட்டில் பச்சரிசி பரப்பி, டீச்சர் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்க வேண்டும். தட்டு வைத்தார்கள். நான் மூன்றடி தள்ளி நின்று பலகையில் 'அ' எழுதி, "இதைப் பார்த்துப் போடு, கண்ணு" என்றேன். வள்ளி பலகையைப் பார்த்தாள். அரிசியைப் பார்த்தாள். ஒரு வட்டம் போட்டாள். அழப்போகிற முகம்.

"இன்னா டீச்சர், எட்ட நின்னுகினு வேடிக்கை காட்ற? கையப் புடிச்சி எழுதவை." அஞ்சலை.

"தொடக் கூடாது என்று உங்கப்பா..."

"எங்கப்பன் ஊருக்குச் சொன்னாரு. இவள பெத்தவ நான் சொல்றேன். உக்காரு."

உட்கார்ந்தேன். வலது கையில் கட்டு, மடியில் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினேன்.

"ஐயே! மொத எழுத்து, பீச்சாங்கையாலயா? அறிவு கீதா டீச்சர் உனக்கு? சோத்துக் கையால புடி!"

வலது கையால் பிடித்தேன். 'அ' போட்டோம். வயிறு பெருத்துவிட்டது, கால் தட்டுக்கு வெளியே. அரிசியைக் கலைத்து மறுபடி போட்டோம். நிமிர்ந்தால், மற்ற மூன்று பிள்ளைகளையும் அம்மாக்கள் வரிசையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.